இடுப்பில் செருக முடியாத பிஸ்டல்

துப்பாக்கிக் கடையில் நிற்பவளுக்குச் சம்பளம் விற்பதற்கு. வேலை முழுக்க, விற்க முடியாது என்று விளக்குவது. என்னைப்போல வேலையும் பார்த்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும் உங்களுக்கு இந்த அலுப்புப் புதிதல்ல. ஒஸ்லோவில் சனிக்கிழமைகளில் இப்படி விளக்கிவிட்டு, ஞாயிறுகளில் துப்பாக்கி சுடும் கழகத்தில், கழகத்தின் பிஸ்டலால் பழகுகிறேன். சொந்தமாக ஒன்று வாங்குவதுதான் இந்த வருடத்து ஆசை. இதைச் சிநேகிதிகளிடம் சொன்ன நாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

சட்டைக்குள் ஒன்று

தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர், கடைக்குள் நுழைந்து என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே ஆரம்பித்தார். கோட்டுக்குள் வெளியே தெரியாதபடி சின்னதாக ஒன்று வேண்டுமாம். எனக்குச் சுர்ரென்றது. இங்கே மறைத்துக்கொண்டு திரிய விடமாட்டார்கள், கழகத்தில் மாதக்கணக்காகப் பழகி, பொலிஸ் அனுமதி எடுத்தால்தான் வாங்கவே முடியும் என்று பொரிந்து தள்ளினேன். "ஆரைப் பார்த்து உங்களுக்கு இவ்வளவு பயம்?" என்றும் கேட்டுவிட்டேன்.

"பயம்லாம் இல்லம்மா. வந்து ஆறு மாசம் ஆச்சு. கூட ஏதோ இருக்குன்னு தோணணும், அவ்வளவுதான்."

பாரமானது

என் கை சின்னது என்பதற்காகக் கழகத்து ஆண்கள் எல்லோரும் சின்ன, பாரமில்லாத பிஸ்டலையே சிபாரிசு செய்தார்கள். பாரம் குறைந்தால் சுடும்போது கையில் உதைப்புக் கூடும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பெண் என்றால் மறந்துபோகும். ஒவ்வொருவரோடும் வாதாடிப் பாரமானதையே எடுத்தேன். காதுமூடி போட்டபின் யாரோடும் கதைக்க வழியில்லை. பத்துக் குண்டும் கடதாசி இலக்கின் இடது கீழ் மூலையில். சுட்டு முடித்துக் காதுமூடியைக் கழற்றியதும், பின்னால் நின்ற பயிற்சியாளர் இங்கெர் சொன்னார்:

"விசையை இழுக்கும்போதும் யாரோடோ சண்டை பிடிக்கிறாய். அங்கே நிற்பது கடதாசி."

இரும்புப் பெட்டி

அனுமதிக்கு, வீட்டுச் சுவரில் பொருத்திய இரும்புப் பெட்டி வேண்டும். கழகத்துப் பெட்டிகளில் இடமில்லை. நான் இருப்பதோ ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில், அப்பா அம்மாவோடு. அப்பா இலங்கை யுத்தத்துக்குள்ளிருந்து தப்பி வந்தவர். இங்கே பஸ் ஓட்டுகிறார். விண்ணப்பத்தை மேசையில் வைத்து முக்கால் மணித்தியாலம் வாதாடினேன்: துவக்கென்றாலும் இது விளையாட்டு, சட்டப்படியானது, பெட்டியைப் பூட்டும் திறப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கும். தேத்தண்ணி ஆறிப்போனது. அப்பா எழுந்துபோய் நான் காட்டிய சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ சொல்லுறதெல்லாம் சரி பிள்ளை. துவக்கு இல்லாத வீட்டிலை படுக்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தனான்."

ஆக, ஒரு வாதத்திலும் தோற்காமலே, கழகத்தின் பிஸ்டலோடுதான் இன்னும் ஞாயிறுகளில் தனியாக நிற்கிறேன்.