முந்நூறுக்கு ஒரு வார்த்தை குறைஞ்சது

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுற ஆளு நான். போர்ட் பிளேர்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கிறவ. ஸ்கிரீன்ல ஏதோ தானா மாறிடுச்சு மிஸ்னு பசங்க வந்தா, "நீதான் எதையாவது தட்டியிருப்ப, போ"ன்னு விரட்டுவேன். அதனால நீங்க இத நம்பலைன்னாலும் எனக்குக் கோபம் வராது. வேற யாராவது சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எங்க அம்மா நிக்கோபார்ல கட்சால் தீவுல சுனாமில போனாங்க. சிலோன் தோட்டத்துலேர்ந்து வந்த குடும்பம் எங்களது, அப்பா அம்மா ரெண்டு பேரும் கட்சால் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுறவங்க. அன்னைக்கு அப்பா மேட்டுல வேலையில இருந்தாரு, பிழைச்சாரு. அம்மா கீழ வீட்டுல. உடம்பு கூடக் கிடைக்கல. நானும் தம்பியும் அப்ப இங்க ஹாஸ்டல்ல. அப்புறம் நான் வேலைக்கு வந்ததும் அப்பாவ இங்க பத்துபஸ்தில என் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். சோறு போட்டா சாப்பிடுவாரு, கேட்டா பதில் சொல்லுவாரு, அம்மா பேர எடுத்தா மட்டும் செருப்ப மாட்டிட்டு வெளிய போயிடுவாரு. வருஷக்கணக்கா அப்படித்தான்.

சுனாமி பத்தாம் வருஷத்துக்கு எங்க ஆளுங்க சங்கத்துல, நினைவு மலர் போடுறோம், வீட்டுக்கு முந்நூறு வார்த்தை, ஒண்ணு கூடுனாலும் வெட்டிருவோம்னு சொன்னாங்க. தம்பி மெயின்லேண்ட்ல இருக்கான், அதனால ஆன்லைன் டாக்குமெண்ட் ஒண்ணு திறந்து அவன் அங்கேர்ந்தும் நான் இங்கேர்ந்தும் எழுதினோம். எழுதுறது கஷ்டமில்லங்க, வெட்டுறதுதான் கஷ்டம். அம்மா சிரிக்கிறத வெட்டுறதா, அவங்க மீன் குழம்ப வெட்டுறதா?

ஒருவழியா முடிக்கப் போற நேரத்துல அப்பா பின்னாடி வந்து நின்னாரு. "இதையும் எழுதும்மா"ன்னு ஒரு வரி சொன்னாரு.

'காய்ச்சல்னு படுத்திருந்தவள மலைக்கு வர வேணாம்னு தடுத்தவன் நான்தான்.'

எங்க ஆளுங்க தோட்ட வேலைக்குப் போறத மலைக்குப் போறதுன்னுதான் சொல்லுவாங்க. இந்த மனுஷன் இத்தன வருஷமா இதையா முழுங்கிட்டு உக்காந்திருந்தாரு? "வேணாம்ப்பா"ன்னேன். "போடு, எல்லாருக்கும் தெரியட்டும்"னாரு. அழுதுகிட்டே மத்ததுல கொஞ்சம் வெட்டி அத நுழைச்சு, கணக்கு சரியா முந்நூறுல நின்னதப் பார்த்துட்டு மூடினேன்.

அன்னைக்கு மத்தியானம் தீவு முழுக்க நெட் போச்சு. எங்க ஊர்ல அது புதுசில்ல. லேப்டாப்ப பீரோல வச்சுப் பூட்டிட்டு ஷாதிபூர்ல ஒரு காதுகுத்துக்குப் போயிட்டோம், அப்பாவும் நானும். மறுநாள் சாயங்காலம் நெட் வந்ததும் திறக்கிறேன், இருநூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு காட்டுது. அடிச்சுப் பிடிச்சு முந்நூறுல நிறுத்தினவளுக்கு ஒண்ணு குறைஞ்சா தெரியாதா? மேலேர்ந்து படிச்சேன். அப்பா சொன்ன வரியக் காணோம். அந்த இடத்துல வேற ஒண்ணு.

'காய்ச்சல் பொய். எனக்குத்தான் மலைக்குப் போக மனசில்ல.'

உடனே தம்பிக்கு போன் போட்டுக் கத்தினேன். "கசம் ஸே, சத்தியமா அக்கா, நான் தொடவே இல்ல. ஹிஸ்டரியப் பாரு, என் பேரா வருது?"ன்னான். யார் எப்ப எத மாத்தினாலும் பேரோட, கலரோட அதுல வரும். பார்த்தேன். என் பேரு, என் கலரு. நேரம், நாங்க ஷாதிபூர்ல இலையில உக்காந்திருந்த நேரம். நெட்டே இல்லாத நேரம்.

தம்பிதான் என் பாஸ்வேர்டப் போட்டு அப்பாவுக்காக எழுதியிருப்பான்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், அப்பாகிட்ட படிச்சுக் காட்டுற வரைக்கும். அவரு ஸ்கிரீன்கிட்ட குனிஞ்சு அந்த வரிமேல விரல வச்சாரு. அப்புறம் திடீர்னு சிரிச்சாரு, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்டச் சிரிச்சாரு.

"கள்ளி. சிலோன்லயும் கங்காணிகிட்ட இப்படித்தான். வெங்காயத்தக் கக்கத்துல வச்சுக்கிட்டு காய்ச்சல்னு வந்து நிப்பா. எனக்கு மட்டுந்தான் தெரியும் அது."

அந்த வரிய அப்படியே அச்சுக்குக் குடுத்தோம். அன்னைக்கு ராத்திரி அப்பா இன்னொரு கரண்டி சோறு கேட்டாரு. அதுக்கப்புறம் அம்மாவப் பத்திப் பேசுனாரு, போற நாள் வரைக்கும் பேசுனாரு. நிம்மதியாத்தான் போனாரு.

அவருக்கு நான் காட்டாதது ஒண்ணு இருக்கு. அந்த ஹிஸ்டரிய இன்னும் விரிச்சுப் பார்த்தா ஒவ்வொரு சின்ன மாத்தமும் தெரியும். அந்த 'காய்ச்சல் பொய்' வரிக்கு முன்னாடி, அதே மத்தியானம், அதே கலர்ல, வேற ஒரு வரி அடிச்சிருக்கு. அடிச்சு, கொஞ்ச நேரம் விட்டு, அழிச்சிருக்காங்க. தம்பிகிட்டகூடச் சொன்னதில்ல. இப்பவும் இருக்கு, வேணும்னா காட்டுறேன். மூணே வார்த்தை.

'தண்ணி இன்னும் வடியல.'