குஞ்சுக் கூண்டில் வைத்த தெர்மாமீட்டர்

எங்கள் அக்கா நேமத்தான்பட்டியில் பிறந்து, கல்லலில் வாழ்க்கைப்பட்டு, சென்ற ஆண்டு தை மாதம் எங்களை விட்டுப் பிரிந்தார்கள். முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவர்களுடைய பொறுமையைப் பற்றி எழுதும்படி அத்தான் சொன்னார்கள். நான் எழுத வேண்டியது வேறு ஒன்று. சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம், துளையிட்ட அட்டைப் பெட்டியில் அறுபது சீமைக்கோழிக் குஞ்சுகள் கல்லலுக்கு ரயிலில் வந்து இறங்கின. தாய்க்கோழி இல்லாமல் அவற்றை வளர்க்க அக்கா ஆசைப்பட்டார்கள். "இந்த அறுபதும் தேறட்டும், கொட்டகை போடுவோம். இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று அத்தான் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

பின்கட்டு அறையில் மூங்கில் தட்டியை வட்டமாக நிறுத்தி, உமி பரப்பி, நடுவில் கயிற்றில் பல்பைத் தொங்கவிட்டார்கள். அத்தானின் தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மதினி, பல்பை அடைக்கு வச்சிருக்கீகளா? நம்ம ஊரு வெக்கைக்கு எதுக்கு விளக்கு?"

"உங்களுக்கு வெக்கை கொழுந்தனாரே. நேத்துப் பொறந்ததுக்குக் குளிருதே!"

வேலை ஓய்ந்ததும் அக்கா அந்தத் தட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, பரவலாகப் படுத்தால் சரி. அதைத் தாமே கண்டுபிடித்தார்கள். "இது ஒண்ணு மட்டும் ஏன்டி தனியாப் படுக்குது?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்கென்ன தெரியும்?

நான்காம் நாள் நெற்குப்பையில் ஒரு காதுகுத்து. எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்த என்னிடம் குஞ்சுகளை ஒப்படைத்துவிட்டு அக்காவும் அத்தானும் போனார்கள். வெளியே தூறல். எனக்குக் கண்பார்வை மட்டும் போதுமென்று தோன்றவில்லை. குஞ்சுகளுக்குத் தொண்ணூற்றைந்து டிகிரி வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். காலையில் என் மகனுக்குக் காய்ச்சல் பார்த்த தெர்மாமீட்டரை அப்படியே கொண்டுபோய்க் கூண்டில் கட்டினேன்.

சற்று நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றொன்று. பயந்துபோய்ப் பல்பை உயர்த்திக் கட்டினேன். அப்போதும் நூற்றொன்று. இன்னும் உயர்த்தினேன். கடைசியில் பல்பையே அணைத்தேன். பாதரசம் அசையவில்லை. குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. சூடு தாங்காமல் ஓரத்துக்கு ஓடுகின்றன என்று நினைத்து விசிறியை எடுத்து வீசினேன்.

மதியம் அத்தானுக்கு முன்னதாகத் திரும்பிய அக்கா, வாசலிலேயே சத்தத்தைக் கேட்டு ஓடி வந்தார்கள். குவியலைக் கையால் விலக்கினார்கள். அடியில் பதினோரு குஞ்சுகள் நசுங்கிக் கிடந்தன. பல்பைப் போட்டுத் தாழ இறக்கிய பிறகுதான் தெர்மாமீட்டர் கண்ணில் பட்டது. எடுத்து உதறினார்கள். பாதரசம் சரசரவென்று இறங்கியது.

"உதறாமயாடி வச்சே?" என்றவர்கள், சட்டென்று என் முகத்தைப் பார்த்தார்கள். "அப்ப இந்த நூத்தொண்ணு பிள்ளைக்கா? அதச் சொல்லாம குஞ்சுக்கு விசிறிக்கிட்டு நிக்கிறே! போ, மொதல்ல அவனைத் தூக்கு."

சாயங்காலம் அத்தான் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினார்கள்: "கெளம்புற அவசரத்துல கயித்தை நாந்தான் ஒசத்திக் கட்டிட்டேன்."

மீதி நாற்பத்தொன்பதும் தேறின. ஆனாலும் பதினொன்று போனதே என்று அத்தான் இரண்டு வருடம் கொட்டகைக்குச் சம்மதிக்கவில்லை. விசேஷ வீடுகளில் பலரும் அக்காவைக் கேலி செய்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே பந்தி விசாரிப்பார்கள். நான் இலையைப் பார்த்துக் குனிந்திருப்பேன்.

மஞ்சள்காமாலையில் அக்கா படுத்திருந்த இரண்டு மாதமும் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டார்க்கும், மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த உறவினர்க்கும், கடைசிவரை உடனிருந்த கொழுந்தனாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தான், அந்தக் கயிற்றை உயர்த்திக் கட்டியது நான்தான்.