மகள் தொடாத தேங்காய் சாதம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழைக்காலத்துல, போர்ட் பிளேர் ஹேடோவுல எங்க குவார்ட்டர்ஸ் வீட்டுல நடந்தது இது. மகளுக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு. எங்க வழக்கத்துல தாய்மாமன் முதல் வளையல் போட்ட பிறகுதான் பந்தி. தாய்மாமன், அதாவது என் தம்பி, லாங் ஐலண்ட்ல இருந்து போட்ல வரணும். கடல் சரியில்ல, போட் லேட்.

காலையிலயே ஒரே அண்டாவுல சோறு வடிச்சு, பாதியைத் தேங்காய் சாதமாவும் பாதியைப் புளிசாதமாவும் கிளறியாச்சு. ஆறிப்போனா நல்லா இருக்காதேன்னு நான்தான் ரெண்டையும் இறுக்கி மூடி, மேல துணி போட்டுப் பொத்தி வச்சேன். தம்பி வந்து சேர்றப்போ மதியம் நல்லா சாய்ஞ்சிடுச்சு. தொட்டுப் பார்த்தா ரெண்டும் இன்னும் இளஞ்சூடு. எனக்கு எவ்வளவு பெருமைங்கிறீங்க!

மகளோ புளிசாதத்தையே வழிச்சு வழிச்சுச் சாப்பிடுறா. "தேங்காய் சாதத்துலயும் ஒரு வாய் வைடி, சம்பந்தியம்மா பார்க்கிறாங்க"ன்னேன். "வேணாம்மா, புளிப்பு போதும்"ன்னா. யார் விட்டா? இலையில ரெண்டு கரண்டி வச்சுட்டு, பரிமாறப் போயிட்டேன்.

விளக்கு வச்சு கொஞ்ச நேரத்துல சம்பந்தியம்மாவுக்கு வாந்தி. அப்புறம் எங்க வீட்டுக்காரர், அடுத்தது நான். குடலே வெளிய வந்துடும்போல இருந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் என் கண்ணு கூட வந்த மகள் வயித்து மேலதான். நான் திணிச்சது உள்ள போயிருந்தா அந்தப் பச்சைமண்ணு என்ன ஆகும்? அவகிட்ட கேக்கவே பயமா இருந்துச்சு.

பெங்காலி டாக்டரம்மா எல்லாத்தையும் விசாரிச்சுட்டு, "நாரியல்வாலா சாவல் கிஸ்னே காயா?"ன்னாங்க. தேங்காய் சாதம் சாப்பிட்ட நாங்க மூணு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி கையைத் தூக்கினோம். புளிசாதத்தோட நிறுத்திக்கிட்ட தம்பி தூக்கல. கை நிறைய வளையலோட நின்ன மகளும் தூக்கல.

"நான் தொடவே இல்லம்மா. நீ அந்தப் பக்கம் போனதும் அப்பா இலைக்குத் தள்ளிட்டேன்."

அதான் பாவம் அந்த மனுஷனுக்கு ரெட்டை வாந்தி!

அப்பவும் டாக்டரம்மா மகள் வயித்துல கருவி வச்சுப் பார்த்தாங்க. டக் டக்குன்னு குழந்தையோட துடிப்பு கேட்டுச்சு. அப்பாடான்னு அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்.

சோத்துல இருக்கிற ஒரு கிருமியோட வித்து கொதிச்சாலும் சாகாதாம். இளஞ்சூட்டுல முழிச்சுப் பெருகுமாம். அது கக்குற விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாதாம். ஆனா புளிப்புல அது தலையெடுக்காதாம். அந்தக் கிருமியிலயே பல ரகமாம், ஃப்ரிட்ஜ் குளிர்ல மெதுவா வளர்றதும் உண்டாம், அதனால அங்கயும் ரொம்ப நாள் வைக்கக்கூடாதாம். "யா கரம் ரக்கோ, யா டண்டா"ன்னு டாக்டரம்மா திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. ஒண்ணு நல்ல சூடா வை, இல்லேன்னா சீக்கிரம் ஆறவச்சுக் குளிர்ல வை. நான் வச்சதோ ரெண்டுங்கெட்டான் சூடு!

இப்ப பேத்திக்கு நான் ஊட்டினா தட்டைத் தள்ளுறா. மகளுக்குக் கோபம் வருது, எனக்கு வர்றதில்ல. சொன்ன பேச்சு கேக்காத பொண்ணைப் பெத்ததாலதான் இவ இன்னிக்கு என் மடியில இருக்கா.