இதமான காலையில் முழு சோக்

ராயிஸ் பொய் பேசுகிறவன் இல்லை. தராநாக்கி மலையடிவாரத்துப் பால்பண்ணைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவன் சொன்ன பொய் ஒன்றுதான். அதுவும் ஒற்றை வரி.

அவன் மனைவி லோர்னாவுக்குத் தனக்கென்று சின்னதாக ஒரு மந்தை வேண்டும் என்று ஆசை. பண்ணையிலிருந்த இருநூறும் ராயிஸின் அப்பா வழி வந்த மாடுகள். அவள் மூன்று ஜெர்சிக் கன்றுகளைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். மூத்தது டஃபி. டஃபி ஆறு மாதச் சினையானதும், "எனக்கும் அந்த நாலு சக்கர குவாட் பைக்க ஓட்டச் சொல்லிக்கொடு. எத்தன நாள் உன் பின்னால தொத்திக்கிட்டு வர்றது?" என்று கேட்டாள்.

அது ஜூலை மாதம், அந்த நாட்டில் நடுக்குளிர்காலம். புல்லெல்லாம் உறைபனி.

"சோக்க முழுசா இழு. ஆக்சிலேட்டரத் தொடாத. பட்டன அமுக்கு. அவ்வளவுதான், இதென்ன விமானமா!" என்றான் ராயிஸ்.

அவ்வளவுதான் இல்லை. குளிர் விட்டால் பாதி சோக் போதும்; எஞ்சினில் சூடு மிச்சமிருந்தால் அதுவும் கூடாது. கார்புரேட்டர் வண்டி, சோக் இழுத்தால் பெட்ரோலை மூச்சு முட்டக் குடித்துவிட்டுக் கிளம்ப மறுக்கும். அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

குளிர் விட்ட அக்டோபரில் டஃபிக்குத் தலைச்சன் ஈற்று. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளும்படி இதமான காலை. பள்ளத்து மேய்ச்சலில் கிடாரி முக்கிக்கொண்டு கிடந்தது. உள்ளே கன்றின் ஒரு முன்கால் மடங்கியிருந்தது. ராயிஸ் தோள்வரை கைவிட்டு அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். கையை எடுத்தால் மறுபடி மடங்கிக்கொள்ளும்.

"கன்னக் கட்டி இழுக்கணும், கொட்டகையில கயிறு இருக்கு. பைக்ல போயிட்டு வந்துரு. ஓடு, லோர்னா!"

பைக் மேட்டில் கேட்டருகே நின்றது. அரை மணிக்கு முன்னால்தான் அதில் வந்திருந்தார்கள். அவள் ஏறிப்போவது தெரிந்தது. பிறகு ஸ்டார்ட்டர் சத்தம் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம். எஞ்சின் பிடிக்கவில்லை. மூன்றாவது தரத்திலேயே ராயிஸுக்குப் புரிந்துவிட்டது.

"சோக்க உள்ள தள்ளு! ஆக்சிலேட்டர முழுசா அமுக்கிப் பிடி!"

காற்று எதிர்த்திசை. அவள் கற்றுக்கொண்டதை அப்படியே, ஒழுங்காக, திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். ஸ்டார்ட்டர் முனகி முனகி, பாட்டரி செத்து அடங்கியது. பிறகு அவள் ஓடுகிற பூட்ஸ் சத்தம்.

முக்கால் மணி கழித்து, பக்கத்துப் பண்ணை தமாத்தியின் வண்டியில் கயிறு வந்தது. கன்று வெளியே வரும்போது உயிரில்லை. மதியத்துக்குள் டஃபியும் போய்விட்டது. லோர்னா அதன் கழுத்தடியில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மேட்டில் தமாத்தி பைக்கின் பிளக்கைக் கழற்றி முகர்ந்தான். "யோவ், பெட்ரோல்ல குளிச்சிருக்குய்யா. இந்த வெயில்ல முழு சோக்கா? எவன் சொல்லிக்கொடுத்தான் இத?"

ராயிஸ் பள்ளத்தைப் பார்த்தான்.

"நான் சொன்னேன். அவதான் காதுல வாங்கல."

சொன்னதுமே நாக்கு கசந்தது. வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அன்று அவள் அழுது ஓய்ந்திருந்தாள். மறுநாள் மடி நோய்க்காரப் பசு ஒன்று. பிறகு வைக்கோல் கட்டும் காலம். தள்ளிப்போட்ட பேச்சு தடித்துப்போய்விட்டது. லோர்னா அந்த பைக்கில் மறுபடி ஏறவில்லை. இரண்டு வருஷத்தில், முழங்கால் வலி என்று சொல்லி மற்ற இரண்டையும் விற்றுவிட்டு, ஊர்ப் பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒன்பதாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேஜையில் அவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு வாய் வந்தது.

"டஃபி செத்தது உன்னால இல்ல. நான்தான் உனக்குப் பாதிதான் சொல்லிக்கொடுத்தேன். தமாத்திகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

கத்தி நிற்கவில்லை.

"தெரியும். பிளக்கக் கையில வெச்சுக்கிட்டு அவன் அன்னைக்கே எங்கிட்ட வந்துட்டான். 'ராயிஸ் சொன்னானாமே, நீ கேக்கலியாமே'ன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, மறந்துட்டேன்னேன்."

ராயிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, லோர்னா."

"நீயா சொல்லுவேன்னு ரெண்டு வருஷம் பாத்தேன்," என்றாள் அவள். "அப்புறம்தான் மாட்ட வித்தேன்."