பதில் வந்தால்தான் பாட்டு

1998 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்கு பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து கிளம்பினோம். காரில் நான், ஒன்பது வயது மகள் நித்யா, பின் சீட்டில் ஒரு டப்பா மைசூர்பாகு. வீட்டுக்காரர் வரவில்லை. டிவியில் ஃபுட்பால் இருந்தது.

ரூட் ஒன்னில் வடக்கே பதினாறு மைல் போய், எடிசனைத் தாண்டித் திரும்பினால் சர்ச்சின் நீலக் குவிமாடம் தெரியும் என்று கேத்தரீனா வழி சொல்லியிருந்தாள். ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரி. கிரேக்கப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைதோறும் அந்தச் சர்ச்சின் ஹாலில் பிள்ளைகளுக்கு கிரேக்க மொழியும் நடனமும் சொல்லித் தருகிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகளை வைத்துக்கொண்டு திண்டாடும் எனக்கு, இன்னொரு கூட்டம் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கிற ஆசை.

"ஏன்மா நான் வரணும்? I don't even know Greek!" என்று வழியெல்லாம் முனகினாள் நித்யா. "தமிழ் மட்டும் ரொம்பத் தெரியுமாக்கும்" என்றேன்.

ஹாலில் பட்டையும் தேனும் மணத்தன. சாப்பாட்டு டிக்கெட் எட்டு டாலர். கேத்தரீனா டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். (அங்கே பேசியதெல்லாம் ஆங்கிலம், என் வசதிக்கு நம் பேச்சில் தருகிறேன்.)

"இதுல வெண்ணெய் இருக்கா?"

"வெண்ணெயா? அரைக் கிலோ நெய்யாக்கும்!" என்றேன் பெருமையாக.

அவள் முகம் தொங்கிப் போயிற்று. கிறிஸ்துமஸ் வரை நாற்பது நாள் விரதமாம். கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாதாம். அட, நம்ம ஆட்கள் என்று நான் குளிர்ந்து போவதற்குள், தட்டில் பீன்ஸும் கீரையும் வைத்தவள் பக்கத்திலேயே பொரித்த கணவாய் மீன் வளையங்களை அடுக்கினாள். "இதுல ரத்தம் கிடையாது. விரதத்துக்கு ஆகும்." நெய் ஆகாது, கணவாய் ஆகும்! என்ன கணக்கோ, போங்கள். மைசூர்பாகு கிறிஸ்துமஸுக்காக ஃப்ரிட்ஜுக்குப் போனது. நானும் அவளும் பீன்ஸைப் பகிர்ந்துகொண்டோம்.

ஒன்றரை மணிக்கு நடனம். எல்லோரும் கைகோத்து வட்டமாகச் சுற்றுகிறார்கள். முதலில் நிற்பவர் கையில் ஒரு கைக்குட்டை. துள்ளலும் குதிப்பும் அவருக்கு மட்டும்தான். மற்றவர்கள் அடக்கமாக அடி வைத்து வட்டத்தைக் காக்க வேண்டும். என்னையும் இழுத்துவிட்டார்கள். ஊரில் கும்மி அடித்த கால்தானே என்று துணிந்து, இரண்டாவது சுற்றிலேயே ஒரு பெரியவரின் ஷூவை மிதித்தேன்.

அப்புறம்தான் கேத்தரீனா விஷயத்தைச் சொன்னாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகள் சின்ன இரும்பு முக்கோணங்களைத் தட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடப் போவார்கள். ஆனால் போனதும் பாடிவிட முடியாது. "நா தா பூமே?" என்று வாசலில் நின்று கேட்க வேண்டும். சொல்லலாமா என்று அர்த்தம். உள்ளேயிருந்து "நா தா பீதே!", அதாவது சொல்லுங்கள், என்று பதில் வந்தால்தான் பாட்டு.

"போன வருஷம் ஒரு வீட்டுலயும் பதில் வரல. 'ஹாய், மெர்ரி கிறிஸ்துமஸ், உள்ளே வாங்க'ன்னாங்க. பசங்க திருதிருன்னு முழிச்சுட்டு ஜிங்கிள் பெல்ஸ் பாடிட்டு வந்துட்டாங்க" என்றாள். கமிட்டித் தலைவர் நிக்கோஸ் இந்த வருஷத்தோடு போதும், இனி ஆங்கிலத்திலேயே பாடட்டும் என்கிறாராம். இன்று சாயங்காலம் பாடப் போவதும் சொதப்பினால், பாட்டோடு சேர்த்து வகுப்பையும் மூடிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

"அப்ப பசங்களுக்கு நல்லா ப்ராக்டீஸ் குடு" என்றேன்.

"பசங்களுக்கு எல்லாம் தெரியும்டீ. கதவுக்கு உள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியல."

சொல்லிவிட்டு எழுந்து போய், காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவர்களை வளைத்துப் பிடித்தாள். அப்பாக்கள், அம்மாக்கள், கிரேக்கமே தெரியாத அமெரிக்க மருமகன்கள், மருமகள்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை நகரவில்லை. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நிக்கோஸ் மட்டும் காபியோடு வெளியே போய்விட்டார்.

நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. பெரியவர்கள் முன்னாலேயே வீடு போய்ச் சேர, நாங்கள் பிள்ளைகளோடு கிளம்பினோம். நித்யா கையிலும் ஒரு முக்கோணம் முளைத்திருந்தது. முதல் வீட்டில் பதில் வந்தது. அடுத்த வீட்டிலும் திக்கித் திணறி வந்தது. பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடினார்கள். கடைசி வீடு நிக்கோஸுடையது.

"நா தா பூமே?"

கதவைத் திறந்தவர், "கம் இன், கம் இன், வெளியே குளிருது" என்றார் ஆங்கிலத்தில். ஒரு பிள்ளையும் அசையவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். முக்கோணங்கள் சும்மா தொங்கின. கேத்தரீனா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. அப்போது என் மகள், எனக்குத் தூக்கிவாரிப்போட, உரக்க இன்னொரு தடவை கேட்டாள்: "நா தா பூமே?"

உள்ளே சமையலறையிலிருந்து மாவுக்கையோடு ஓடி வந்தாள் லோரி. அவருடைய மருமகள், டெக்ஸாஸ்காரி. "நா தா பீதே! நா தா பீதே!" என்று கத்தினாள்.

வாசலே அதிர்ந்தது. பாட்டு முடியும்வரை நிக்கோஸ் கதவைப் பிடித்தபடி நின்றார். இரண்டாவது அடியில் அவர் உதடும் சேர்ந்து அசைந்தது. முடிந்ததும் கேத்தரீனாவிடம், "அடுத்த வருஷம் எனக்கும் ப்ராக்டீஸ் குடு, மறந்துபோச்சு" என்றார். அவள் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

வீடு திரும்பும்போது ஏழு மணி. மாடியேறி மணியடித்தோம். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, ஒரு கண் டிவியில் இருக்க, "ஹாய் குட்டி! ஹவ் வாஸ் இட்? கம் இன், கம் இன்" என்றார்.

நித்யா கால்மிதியிலேயே நின்றாள்.

"என்னடி, உள்ள போ" என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்துக் கேட்டாள்:

"உள்ள வரலாமா, அப்பா?"

அவர் டிவியை மறந்தார். என்னைப் பார்த்தார். குளிர்காற்று வீட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

"வாடா கண்ணு" என்றார் கடைசியில். "வா."

அதற்கப்புறம்தான் அவள் ஷூவைக் கழற்றினாள்.