மூன்றாம் மாடியின் பச்சை

நாகமணி படியில்தான் ஏறுவான். கைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, வைஃபைக் கோடு எத்தனை என்று பார்த்து, மறுபடி ஏறுவான். கோடு குறைகிற இடத்தில் சுவரில் ஒரு துண்டு மருந்துப் பிளாஸ்டரை ஒட்டித் தேதி எழுதுவான். பிளாஸ்டர் தாதிமார் கொடுப்பது. "லிஃப்டுல போனா ஒண்ணும் வெளங்காதுங்க மொதலாளி. படியில போனாத்தான் எங்க சாகுதுன்னு தெரியும்" என்பான்.

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக நிற்கும் ஐந்து மாடித் தனியார் மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். அதன் சுவருக்குள் ஓடுகிற ஒவ்வொரு கம்பியும் என் ஆட்கள் இழுத்தது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கிராண்ட்பாஸில் இரவல் ஏணியோடு தொடங்கினேன். இன்று என்னிடம் இருபத்திரண்டு பேர். படித்த எஞ்சினியர்மார் வரைபடத்தை என்னிடம் காட்டிச் சரி கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார்கள். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன் நாகமணி. ஊர் ஹட்டன் பக்கம், குடியிருப்பது கொட்டாஞ்சேனை. கொலன்னாவையில் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது தோள் உயராது. கம்பி இழுக்க ஆகமாட்டான் என்றுதான் வைஃபை பார்க்க இங்கே நிறுத்தினேன். இந்த இடம் போனால் என்னிடமும் அவனுக்கு வேலை இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

அவனுடைய பகை மூன்றாம் மாடி. அங்கே தாதிமார் கொடுக்கிற மருந்தையெல்லாம் உடனுக்குடன் டெப் என்கிற கைக்கணினியில் பதிய வேண்டும். பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் ஓடத் தொடங்கினால் வைஃபை குழம்பி, டெப் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே நிற்கும். அதோடு, வார்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்த பிறகும் டெப் பழைய வைஃபைப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கும். தலைக்கு நேர் மேலே வேறொரு பெட்டி இருந்தாலும் மாறாது. "பொறந்த வீட்ட விட்டு வரமாட்டேங்குது பாருங்க" என்று சொல்லி, நாகமணி இணைப்பை அறுத்துத் திரும்பக் கொடுப்பான். ஒரு நிமிட வேலை. ஒரு நாளைக்கு இருபது தடவை.

பழுதென்று முறைப்பாடு பதியப் படிவம் இருக்கிறது. பதிந்தால், "உங்கள் வார்டில் மட்டும் ஏன் இத்தனை?" என்று மேற்பார்வைத் தாதிக்கு ஏச்சு விழும். ஆகவே யாரும் பதிவதில்லை. ஒளித்து வைத்திருக்கும் சொந்தப் போனில் நாகமணியைக் கூப்பிடுவார்கள். வேலை நேரத்தில் சொந்தப் போன் கூடாது. போன வெசாக் பண்டிகைக்கு முன் அதற்காகவே இரண்டு தாதிப் பிள்ளைகளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

"நாகமணி அண்ணன், டெப் சுத்திக்கிட்டே இரிக்கி. டொக்டர் வாறத்துக்குள்ள வாங்களே" என்று ஷிம்னா என்கிற தாதி குசுகுசுப்பாள்.

"நீங்க டொக்டருக்கு ஒரு டீய குடுத்து ஒக்கார வைங்க தங்கச்சி, நான் படியிலதான் வாறேன்."

எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். "டேய், வேலை செஞ்சா துண்டுச் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கு. ஒரு ஆணி அடிச்சாலும் கையெழுத்து வாங்கித்தான் நான் இந்த நெலமைக்கு வந்தவன்."

"துண்டு எழுதினா அந்தப் புள்ளைகளுக்குத்தான் ஏச்சு, மொதலாளி."

சென்ற வருடம் மருத்துவமனை ஒரு புதிய ஏற்பாடு வாங்கியது. எல்லா வைஃபைப் பெட்டிகளையும் மெஷினே இரவு பகலாகக் கவனிக்கும், முறைப்பாடுகளையும் பார்த்துத் தானாகவே படித்துக்கொள்ளும், எங்கே பழுது வரும் என்று முன்கூட்டிச் சொல்லும். பொய் சொல்ல மாட்டேன், கெட்டிக்கார மெஷின். நிலவறையில் எலி கடித்த கம்பியை என் ஆட்களுக்கு முந்தி அதுதான் கண்டுபிடித்தது. ஆனால் மூன்றாம் மாடியின் பன்னிரண்டரைத் தொல்லை தினமும் வந்தது. முறைப்பாடோ ஒன்றும் வரவில்லை. ஆகவே அந்த மாடியின் சுபாவமே அதுதான், பழுதில்லை என்று படித்துக்கொண்டது. உள்ளதைச் சொல்லாமல் மூடி வைத்த நாங்கள் மெஷினைக் குறை சொல்லி என்ன!

போன மாதம் ஒரு காலையில் கணினிப் பிரிவு மனேஜர் பிரசாந் எங்கள் இரண்டு பேரையும் அழைத்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். சுவரில் பெரிய திரை. பழுதில்லை என்று மாடி மாடியாகப் பச்சை நிறம்.

"அங்கிள், மூண்டாம் மாடியைப் பாருங்கோ. வருசம் முழுக்கப் பச்சை. ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனா கமராவில பார்த்தா இவர் நாள் முழுக்க அங்கதான் நிக்கிறார். என்ன செய்யிறவர்?"

"கூப்புடுறாங்க சார், போறேன்" என்றான் நாகமணி.

"ஆர் கூப்பிடுறது?"

நாகமணி கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"மாசக் கடைசியோட ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடம் சொல்லிட்டினம். இவர் வேலை செய்தவர் எண்டதுக்கு ஏதும் இருந்தா இப்பவே காட்டுங்கோ. நான் கதைச்சு இவரை வேலையில வைச்சிருக்கிறன். ஆர் ஆர் பதியாமல் போன் அடிச்சவை எண்டு தெரிஞ்சா அவையளையும் ஒருக்கா பார்க்க வேணும்."

எனக்கு உயிர் வந்தது. "நாகமணி, போனைக் காட்டுடா. மாசக்கணக்கில அவங்க அடிச்ச கோல் கெடக்குமே. காட்டினா நீ இருக்கலாம்" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்தான். தேடுகிறான் என்றே நினைத்தேன். கட்டைவிரல் மூன்று தடவை திரையில் பட்டது. பிறகு எழுந்து, உயராத தோளை இடது கையால் தாங்கிக்கொண்டு, பிரசாந்திடம் போனை நீட்டினான்.

அழைப்புப் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை.