தலையாட்டாத அக்கா

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தி.நகர் பனகல் பார்க் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அதன் மாடியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். கீழே மெஷின்கள் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும். மேலே நாங்கள் அதற்கும் மேலே கத்தி இங்கிலீஷ் பேசிப் பழகுவோம்.

எனக்குப் பத்தொன்பது வயது. ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்த அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அம்மா மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனார். விடிந்ததும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏட்டி, வீட்டப் பாத்துக்க" என்று எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவார். அப்பாவைக் குளிப்பாட்டுவதிலிருந்து இரண்டு தம்பிகளைப் பள்ளிக்கு அனுப்புவது வரை அப்புறம் என் பாடுதான். எனக்கு ஒரு வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் பெரிய தம்பியின் படிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்ற நிலைமை. அடையாறில் ஒரு கம்பெனிக்கு டெலிபோன் ஆபரேட்டர் தேவை, ஆனால் இங்கிலீஷ் பேச வரவேண்டும் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன்.

எனக்கு வந்த இங்கிலீஷ் தலையாட்டுவது ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டி, "யெஸ் சார்" என்பேன். புரியவில்லை என்று சொன்னால் மானம் போய்விடும் என்று நினைப்பு. வகுப்பு மொத்தமும் அதே ரகம். சார் "அண்டர்ஸ்டாண்ட்?" என்பார், அத்தனை தலையும் ஆடும்.

ஒரே ஒரு தலை மட்டும் ஆடாது. தென் அமெரிக்காவில் பெரு என்ற நாட்டிலிருந்து பரதநாட்டியம் கற்றுக்கொள்ள வந்து, அடையாறில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்த அம்மாளின் தலை அது. நாற்பது வயதிருக்கும். நிறத்தைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவர் என்று நினைத்தோம். அவருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ். இங்கிலீஷ் எங்களை மாதிரியே அரைகுறை. "உங்களை எப்படிக் கூப்பிடுறது?" என்று கேட்டதற்கு, "நீங்கள் எல்லாம் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். அக்கா என்று ஆகிப்போனார்.

சார் தினமும் போர்டில் இங்கிலீஷ் மரபுத்தொடர்களை எழுதிப் போடுவார். நாங்கள் கடகடவென்று நெட்டுருப் போடுவோம். அக்கா மட்டும் ஆள்காட்டி விரலைத் தூக்கி, "சாரி, எனக்குப் புரியவில்லை" என்பார். துளி வெட்கம் கிடையாது. புரிகிற வரைக்கும் அந்த விரல் இறங்காது. புரிந்ததும் என் பக்கம் திரும்பி, "தமிழில் எப்படி?" என்பார்.

ஒருநாள் 'புல்லிங் மை லெக்' வந்தது. "இங்கிலீஷ்காரர்கள் காலை இழுக்கிறார்களா? எங்கள் ஊரில் முடியைப் பிடிப்போம்" என்றார். நாங்கள் காதில் பூச்சுற்றுவோம் என்றேன். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! மறுநாள், பெருமழை பெய்தால் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்று சொல்ல வேண்டும் என்றார் சார். அக்கா தன் கொண்டையிலிருந்த மல்லிகையை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, "சார், இதுவா?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. சாரும் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

படித்ததை அன்றைக்கே யார் மேலாவது பிரயோகித்துப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அன்று வகுப்பு முடிந்து நாங்கள் இருவரும் பஸ்ஸில் போகும்போது சரியான மழை. கண்டக்டரிடம் அந்தப் பூனை நாயை அவிழ்த்துவிட்டார்.

"இன்னாம்மா சொல்றாங்க இவங்க? நாயி எங்க கீது?" என்று சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார் அவர்.

நான் விளக்கினேன். அக்கா விடவில்லை. தன் ஊரில் மழை குடம் குடமாக ஊற்றும் என்றுதான் சொல்வார்கள் என்று சைகை காட்டினார்.

"அப்டி சொல்லும்மா! இங்க மழதான் ஊத்துது, நம்ம கொடத்துல தண்ணி கீதா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. தப்பாகப் பேசிவிடுவோமோ என்று வாயே திறக்காத எனக்கு, அந்த மனுஷியைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

இன்டர்வியூ நாள் வந்தது. கான்வென்ட்டில் படித்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே கடைசி நாற்காலியில் போய் ஒண்டிக்கொண்டேன். மேனேஜர் நம் ஊர்க்காரர்தான். ஆனால் பேச்சில் வெள்ளைக்காரன் தோற்றான். முதல் சில கேள்விகளுக்கு எப்படியோ ஒப்பேற்றினேன். பிறகு, "கேன் யூ ஹோல்ட் தி ஃபோர்ட்?" என்றார்.

போர்டில் வராத தொடர். கோட்டையைப் பிடிப்பதா? எந்தக் கோட்டை? பழக்கதோஷத்தில் என் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் அக்காவின் விரல் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆடுகிற தலையை நிறுத்தி, விரலைத் தூக்கினேன். "சாரி சார், எனக்குப் புரியவில்லை."

போச்சு, வேலை போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். நாங்கள் எல்லோரும் வெளியே போய்விட்டால், தனி ஆளாக இந்த ஆபீஸைப் பார்த்துக்கொள்வாயா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

அட, இதுதானா! என் அம்மா தினமும் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வது! எங்கிருந்துதான் இங்கிலீஷ் வந்ததோ தெரியாது. அப்பா படுக்கையில், அம்மா வேலையில், தம்பிகள் பள்ளியில் என்று கொட்டிவிட்டு, "எவ்ரி டே ஐ ஹோல்ட், சார்" என்று முடித்தேன். அவர் பேனாவைத் திரும்ப எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு, திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

நேரே வகுப்புக்கு ஓடினேன். மாடிப்படியிலேயே நடந்ததையெல்லாம் கேட்டு அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். அடுத்த நொடி அந்த விரல் எழும்பிவிட்டது. "அவர் கேட்டது என்ன தொடர்? எனக்கும் தெரியாதே. தமிழில் எப்படி?" வீட்டில் அம்மா சொல்வதை அப்படியே சொல்லிக்காட்டினேன். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து ஊருக்குக் கிளம்புமுன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா போட்ட காபியைக் குடித்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, வீட்டப் பாத்துக்க" என்றார். அசல் திருநெல்வேலி! அம்மா சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டார். நானும்தான்.

தம்பிகள் படித்து முடித்து ஆளாகி, அவர்களுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. எழுபதை நெருங்கும் எனக்கு இன்றும் டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து ஏதோ கடகடவென்று சொன்னால் தலை தன்னால் ஆடப் பார்க்கும். உடனே விரலைத் தூக்கிவிடுவேன், தூக்கும்போதெல்லாம் கடல் தாண்டி வந்து என் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த அக்காவை மனசாரக் கும்பிட்டுக்கொள்வேன்.